வீணாக்கியதற்கான சான்று

நாகமணி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். யாரும் கேட்பதற்கு முன்பே தண்ணீரை மிச்சம் பிடித்துவிட்டார்.

அந்த அம்மாளின் சாயப்பட்டறை திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாளைக்கு ஒரு டன் பருத்தித் துணி, அறுபத்து நான்கு பேருக்கு வேலை. ஒரு கிலோ துணிக்குச் சாயம் ஏற்றி, அலசி, முடித்து எடுக்க மற்றவர்களுக்கு எண்பது, நூறு லிட்டர் தண்ணீர் ஆகும். நாகமணி அதை ஆறு வருடங்களுக்கு முன்பே முப்பத்தெட்டு லிட்டருக்குக் கொண்டுவந்துவிட்டார். அதற்காக வெளிநாட்டு மிஷின் எதுவும் வந்து இறங்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு வழிய வழிய அலசும் பழக்கத்தை நிறுத்தினார். ஒரு துணியின் கடைசி அலசல் தண்ணீர் ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கும் என்பதால், அதைத் தொட்டியில் பிடித்துவைத்து அடுத்த துணியின் முதல் அலசலுக்கு விட்டார். சாயக் கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்து உள்ளேயே சுற்றவைத்தார்.

இந்த விவரமெல்லாம் நியூஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் கார்மெண்ட் வாட்டர் கவுன்சிலுக்கு முறைப்படி எழுதி அனுப்பப்பட்டது. கவுன்சில் பரிசீலித்து, நாகமணிக்கு நூற்றுக்குப் பூஜ்யம் மதிப்பெண் கொடுத்தது.

கவுன்சிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணி விற்கும் பெரிய பிராண்டுகள் பதினேழு ஒன்றுசேர்ந்து, சாயத் தொழில் குடிக்கிற தண்ணீரையும் கக்குகிற கழிவையும் குறைப்பதற்காக ஏற்படுத்திய அமைப்பு அது. பட்டறைகளுக்கு ஒரு துளி முதல் ஐந்து துளி வரை சான்றிதழ் தரும். ரூட் பதினெட்டு நெடுஞ்சாலையை ஒட்டிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் லாபியில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கருங்கல் சுவர் நிற்கும். அதன் மேல் ராப்பகலாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். வாட்டர் வால் என்று அதற்குப் பெயர். சனி ஞாயிறுகளில் இதை மூடிவைக்கலாமே என்று பராமரிப்பு ஊழியர் ஒருவர் ஒருமுறை கேட்டார். தண்ணீர் நின்றுபோன சுவரை யாராவது பார்த்துவிட்டால் கவுன்சிலின் அர்ப்பணிப்பைப் பற்றித் தவறான செய்தி போய்விடும் என்று அவருக்கு எழுத்து மூலம் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

அங்கே எந்த மீட்டிங்கும் 'நீர் நிமிடம்' இல்லாமல் ஆரம்பிக்காது. ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பி மேஜை நடுவில் வைப்பார்கள். எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முடிந்ததும் ஜாடியை ஸிங்கில் கவிழ்த்துவிடுவார்கள், பத்துப் பேர் உற்றுப் பார்த்த தண்ணீரைக் குடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஒரு நாளைக்கு எப்படியும் ஒன்பது மீட்டிங் நடக்கும்.

இந்தக் கவுன்சிலில் பசுபதி வேலை செய்கிறார். கோயம்புத்தூரில் டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி படித்தவர், நாகமணியின் வகுப்புத் தோழர். ஆபீஸில் இருக்கும் நாற்பத்து மூன்று பேரில் சாயப்பட்டறைக்குள் நிஜமாகவே நின்று வியர்த்தவர் அவர் ஒருவர்தான். அந்த அனுபவத்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று கொள்கை முடிவெடுக்கும் கூட்டங்களுக்கு மட்டும் அவரைக் கூப்பிடுவதில்லை. க்ரீன் கார்டு வரிசையில் பதினோராவது வருடமாக நிற்கிறார். அதற்கான விண்ணப்பத்தைப் போட்டிருப்பது கவுன்சில்தான், வேலை போனால் அதுவும் சிக்கலாகும். அதனால் கூப்பிடாததைப் பற்றி அவரும் கேட்டதில்லை.

நாகமணியை விண்ணப்பிக்கச் சொன்னது பசுபதிதான். நாகமணியிடம் துணி வாங்கும் பிராண்ட், அக்டோபர் முதல் மூன்று துளிக்குக் குறைந்த பட்டறைகளுக்கு ஆர்டர் கிடையாது என்று கடிதம் அனுப்பியிருந்தது. நாகமணிக்கு அந்த ஒரே பிராண்ட்தான். ஆர்டர் நின்றால் பட்டறை நிற்கும். "உங்களுக்கு அஞ்சு துளியும் கண்ணை மூடிட்டுக் கொடுப்பாங்க" என்று போனில் பசுபதி அடித்துச் சொல்லியிருந்தார். அதனால் பூஜ்யத்தைப் பார்த்ததும், யாரோ எண்ணை மாற்றி அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தார். திருத்தச் சொல்லி, இம்பாக்ட் பிரிவின் டைரக்டர் விஷாகாவிடம் போனார்.

விஷாகா சென்னையில் பிறந்து நியூஜெர்சியின் எடிசனில் வளர்ந்தவர். யார் என்ன குறை சொன்னாலும் முதலில் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

"ஐ ஹியர் யூ, பசுபதி. ஆனா ஸ்கோர்ல தப்பு இல்ல. போன வருஷம் அவங்க முப்பத்தெட்டு லிட்டர். இந்த வருஷமும் முப்பத்தெட்டு. அப்ப எவ்வளவு ரெடியூஸ் பண்ணியிருக்காங்க? ஜீரோ. சிஸ்டம் கரெக்டாத்தான் சொல்லுது."

"முப்பத்தெட்டே ரொம்பக் கம்மி விஷாகா. அதுக்குக் கீழ போனா துணியில சாயம் திட்டுத்திட்டா நிக்கும்."

"இன்னொரு யூனிட்டைப் பாருங்க. இருநூத்திப் பத்துல இருந்து நூத்தி நாப்பதுக்கு வந்துருக்காங்க. தர்ட்டி த்ரீ பர்சென்ட். அவங்களுக்கு நாலு துளி கொடுத்துருக்கோம்."

"அந்த நூத்தி நாப்பது, இவங்க செலவு பண்றதுல கிட்டத்தட்ட நாலு மடங்கு."

"நீங்க வெறும் நம்பரைப் பார்க்கறீங்க. நான் ஜர்னியைப் பார்க்கறேன். போர்டு முன்னாடி நான் ஒரு ஸ்டோரி சொல்லணும் பசுபதி. 'இவங்க நல்லா இருந்தாங்க, இப்பவும் நல்லா இருக்காங்க'ன்னா அது ஸ்டோரியா? அதுல வில்லன் எங்க? ட்ரான்ஸ்ஃபர்மேஷன் எங்க?" நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். "மெதடாலஜில ஏதாவது டவுட்னா சாய்ராமைப் பாருங்க."

சாய்ராம் மெதடாலஜி பிரிவின் வைஸ் பிரசிடெண்ட். மாம்பலத்துக்காரர். கவுன்சிலின் நானூற்றுப் பன்னிரண்டு பக்க அளவீட்டு விதிகளை எழுதியவர் அவரே. அதைக் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி முகம் மாறிவிடும் என்பதால் பசுபதி பதமாகவே ஆரம்பித்தார்.

"ஒரு சின்ன எரர் இருக்கும்போல சாய்ராம்."

"எரர் இல்ல, டிசைன்," என்றார் சாய்ராம். "இப்ப கிளாஸ்ல முப்பது மார்க் வாங்கற பையன் அம்பது வாங்கினா கை தட்டறோம். எப்பவும் நூறு வாங்கறவனுக்கு யாராவது கை தட்டுவாங்களா?"

"தட்ட வேண்டாம். ஆனா நூறு வாங்கறவனை ஃபெயில் பண்ண மாட்டோமே."

சாய்ராம் சற்று யோசித்தார். நல்ல கேள்விதான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "குட் ஃபீட்பேக். வெர்ஷன் ஃபைவ்ல எடுத்துக்கலாம்," என்று குறித்துக்கொண்டார். அந்த ஐந்தாம் பதிப்பு எப்போது வரும் என்று முடிவு செய்ய வேண்டிய கமிட்டியை இன்னும் போடவில்லை.

இருந்தாலும் சாய்ராம் ஈரமில்லாதவர் அல்ல. இப்படிப்பட்டவர்களுக்காகவே விதிகளில் ஒரு வழி இருப்பதாகச் சொல்லி, ஒரு படிவத்தை அனுப்பிவைத்தார். 'முன்கூட்டியே சாதித்ததால் பாதிப்புக்குள்ளானோருக்கான கருணை விண்ணப்பம்' என்று தலைப்பு. 'இந்த நிலை உங்களுக்கு எப்போதிலிருந்து இருக்கிறது?' என்பது முதல் கேள்வி. ஆறு வருடமாக என்று நாகமணி எழுதினார். 'இதற்காக வேறு எங்காவது உதவி நாடினீர்களா?' இல்லை என்று எழுதினார். கடைசியில், கழிவுநீரின் தற்போதைய நிலையைக் காட்டும் படத்தை இணைக்கச் சொல்லியிருந்தது. சுத்திகரித்த தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் படமெடுத்து அனுப்பினார். 'படத்தில் பிரச்சினை எதுவும் காணப்படவில்லை. பிரச்சினை தெளிவாகத் தெரியுமாறு மீண்டும் எடுக்கவும்' என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியது. வெளிச்சத்தில் வைத்து இன்னொன்று எடுத்தார். அது இன்னும் தெளிவாகப் பிரச்சினையில்லாமல் இருந்தது.

மூன்றாவது முறையும் திரும்பி வந்தபோது பசுபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்தைப் பதிவு செய்யும் இடம் எதுவும் படிவத்தில் இல்லை.

படம் சரிப்படாவிட்டால் நேரடி ஆய்வு என்பது விதி. நேரடி என்றால் வீடியோவில். கவுன்சிலின் ஆடிட்டர் கஜீவன், யாழ்ப்பாணத்துக்காரர், மென்மையான மனிதர். அவர் இங்கிருந்து கேட்க, நாகமணி அங்கே போனைத் தூக்கிக்கொண்டு பட்டறை முழுக்க நடந்தார். பசுபதி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லா வச்சிருக்கிறியள். இனிக் கழிவு வெளியில போற குழாயை ஒருக்காக் காட்டுங்கோ," என்றார் கஜீவன்.

"அப்படியொண்ணு இல்லீங்க. வெளிய உடறதே இல்லீங்களே."

"அது விளங்குது. ஆனா ஃபோர்ம்ல குழாயின்ர படம் கட்டாயம். 'இல்லை' எண்டு போட அதில பெட்டி இல்லை."

"இல்லாத குழாய எப்படிங்க காட்டறது?"

"எனக்கும் அதுதான் விளங்கேல்லை அம்மா. ஆனா காட்டாட்டி, மறைக்கினம் எண்டுதான் நான் எழுத வேணும். அப்பிடித்தான் விதி." அவர் நாகமணியின் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நாகமணி மறுநாள் கடையில் நாலடி பிளாஸ்டிக் குழாய் வாங்கினார். காம்பவுண்டு சுவரில் ஓட்டை போட்டு, ரோட்டோரச் சாக்கடையைப் பார்த்த மாதிரி அதைப் பொருத்தினார். உள்பக்கம் அது எதோடும் இணையவில்லை. கஜீவன் வீடியோவில் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டு, 'குழாய் உள்ளது. தற்சமயம் வறண்டு காணப்படுகிறது. காரணம் ஆராயப்பட வேண்டும்' என்று எழுதினார். மதிப்பெண் பூஜ்யத்திலிருந்து நான்குக்கு ஏறியது. மூன்று துளிக்கு அறுபது வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை சாய்ராம் தானாகவே பசுபதியை லஞ்சுக்குக் கூப்பிட்டார். ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டில் இருக்கும் ஒரு சைவ ஹோட்டல். சாப்பாட்டுத் தட்டு வந்த பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆஃப் த ரெக்கார்ட் சொல்றேன். செக்ஷன் நைன் பாயிண்ட் ஃபோரைப் படிச்சீங்களா? எந்த யூனிட்டும் பேஸ்லைனை ரீசெட் பண்ணிக்கலாம். அதாவது, தொடக்கப் புள்ளியை மாத்திக்கலாம். தொண்ணூறு நாள் மெஷர் பண்ணணும், அவ்வளவுதான். அந்தத் தொண்ணூறு நாளும் அவங்க கிலோவுக்கு ஒரு தொண்ணூத்தஞ்சு லிட்டர் ஆக்கட்டும். அதுக்கப்புறம் பழையபடி முப்பத்தெட்டுக்கு வரட்டும். சிக்ஸ்டி பர்சென்ட் ரிடக்ஷன். அஞ்சு துளி."

பசுபதி சப்பாத்தியைப் பிய்க்காமல் வைத்தார். "தொண்ணூத்தஞ்சுன்னு பொய்யா எழுதச் சொல்றீங்களா?"

சாய்ராமுக்கு உண்மையாகவே மனம் புண்பட்டுவிட்டது. "சேச்சே. என்ன பசுபதி இப்படிப் பேசறீங்க. நம்ம கவுன்சில்ல இன்டெக்ரிட்டின்னு ஒண்ணு இருக்கு. பொய் எழுதவே கூடாது. தண்ணிய நிஜமாவே செலவு பண்ணணும். மீட்டர் ஓடணும்." அப்பளத்தை நொறுக்கிக் கொண்டார். "நேர்மையா பண்ணினா யாரும் கேள்வி கேட்க முடியாது."

பசுபதி வீட்டுக்குப் போய் மகள் ஸ்ம்ருதியிடம் இதைச் சொன்னார். அவள் ஒன்பதாம் வகுப்பு. லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஸோ யூ வேஸ்ட் வாட்டர் டு ப்ரூவ் யூ ஸேவ் வாட்டர்? அப்பா, தட்ஸ் இன்ஸேன். வொய் டோண்ட் யூ ஜஸ்ட் டெல் தெம்?"

"க்ரீன் கார்டு வரட்டும்மா, சொல்றேன்," என்றார் பசுபதி. அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோதும் எதற்கோ இதே பதிலைச் சொன்ன ஞாபகம் வந்து, அவருக்கே தன் மேல் வெறுப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் நாகமணிக்குப் போன் செய்தார். அங்கே சாயங்காலம். செக்ஷன் ஒன்பது புள்ளி நான்கை விளக்கி முடித்தார்.

"ஏனுங்க பசுபதி, நீங்களும் நானும் ஒரே லேப்லதானுங்க படிச்சோம். அங்க போயி என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"எனக்கும் வயிறு எரியுது நாகமணி. வேற வழி தெரியல. அக்டோபர்ல ஆர்டர் நின்னுடும்."

"நல்ல தண்ணிய மீட்டர்ல ஓட்டிச் சாக்கடைல உடணும். அதானுங்களே?"

"ஆமா."

"அறுவத்தி நாலு குடும்பம் இருக்குதுங்க. அதுக்கோசரம் செய்யறேன். இல்லீன்னா உங்க துளியக் கொண்டுபோயி நீங்களே வெச்சுக்கங்கன்னு சொல்லியிருப்பனுங்க," என்று போனை வைத்துவிட்டார்.

மார்ச் முதல் தேதி பேஸ்லைன் ஆரம்பித்தது. இருபது வருடமாக அங்கே வேலை செய்யும் சாய மாஸ்டர், அந்தக் குழாயை மட்டும் தான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாகமணியே திறந்தார். போர்வெல்லில் வந்த தண்ணீர் மீட்டர் வழியாக ஓடி, சுவரில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு ஒருவழியாக வேலை கொடுத்து, சாக்கடையில் விழுந்தது. ஒரு நாளைக்கு ஐம்பத்தேழாயிரம் லிட்டர். சாயத்தைக் கண்ணாலும் பார்க்காத தண்ணீர்.

அந்த வட்டாரத்தில் வீட்டுக்குத் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் வரும். ஐந்தாம் நாள் எதிரே இருந்த லைன் வீட்டுப் பெண்கள் குடங்களோடு வந்துவிட்டார்கள். நாகமணிக்கு மனது கொஞ்சம் லேசானது. போகிற தண்ணீர் நாலு பேருக்காவது ஆகிறதே என்று கவுன்சிலுக்கு வாரந்தோறும் அனுப்ப வேண்டிய படத்தில் அவர்களும் தெரியும்படியே எடுத்து அனுப்பினார். பட்ட காலிலேயே படும் என்பார்கள். 'பயனுள்ள மறுபயன்பாடு கண்டறியப்பட்டது. பேஸ்லைனிலிருந்து பதினொரு சதவீதம் கழிக்கப்படும்' என்று பதில் வந்தது.

பசுபதி விஷாகாவிடம் ஓடினார்.

"மனசு இருக்கறவங்க இதுக்கு மார்க் குறைப்பாங்களா விஷாகா? அது குடிதண்ணி."

"எனக்கும் கண் கலங்குது பசுபதி," என்று விஷாகா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆனா கான்செப்ட்டைப் புரிஞ்சுக்கோங்க. அதை நாலு பேர் யூஸ் பண்ணிட்டாங்கன்னா அப்புறம் அது எப்படி வேஸ்ட் ஆகும்? நம்ம ஃப்ரேம்வொர்க்ல வேஸ்ட்டுன்னா முழுசா வேஸ்ட் ஆகணும். பாதி வேஸ்ட் பண்ணிட்டு ஃபுல் க்ரெடிட் கேட்டா, சின்சியரா வேஸ்ட் பண்றவங்களுக்கு அது அன்ஃபேர் இல்லையா?"

கழித்த பதினொரு சதவீதத்தைத் திரும்பப் பெற, தண்ணீர் யாருக்கும் உதவவில்லை என்று வாரந்தோறும் ஒரு சான்று இணைக்க வேண்டும் என்று ஆனது. 'வீணாக்கியதற்கான சான்று' என்று அதற்குத் தனிப் படிவமே உண்டு. கஜீவன்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் குழாயைச் சுற்றிக் கம்பிவேலி போட வேண்டும், அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். வாசகத்தைக் கவுன்சிலின் கம்யூனிகேஷன்ஸ் பிரிவு எழுதி, தமிழில் மாற்றி அனுப்பியது. 'இந்நீர் வீணாவதற்காக மட்டுமே. பயன்படுத்துதல் கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது. நீரைப் போற்றுவோம்.'

வேலி போட்ட அன்று நாகமணி போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

"ஒரு அம்மா வந்து கேட்டாங்க பசுபதி. 'ஏங்கண்ணு, எங்க மேல என்ன கோவம்? சாக்கடைக்கு உடற தண்ணிய எங்களுக்கு உடக் கூடாதா'ன்னு. நான் என்னங்க சொல்றது? அமெரிக்கால மார்க் குறைப்பாங்கன்னு சொல்றதுங்களா? எனக்கு அவங்க மொகத்த ஏறிட்டுப் பாக்க முடியலீங்க."

பசுபதி பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து இதைக் கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அழுகைதான் வந்தது. ஐந்து நிமிடம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போய், அடுத்த மீட்டிங்கில் எல்லோருடனும் உட்கார்ந்து ஜாடியைப் பார்த்தார்.

பேஸ்லைனுக்கு நடுவில் கவுன்சிலே ஒரு கை கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகஸ்டில் நடக்க இருந்த விருது விழாவுக்கு முந்நூறு டீ-ஷர்ட் தேவைப்பட்டது. 'ஒவ்வொரு துளியும்' என்று நெஞ்சில் எழுதிய நீல நிறச் சட்டை. துணியை நாகமணி பட்டறையில்தான் சாயம் போட்டார்கள். முதல் நீலம், லாபி விளக்கில் கொஞ்சம் சோகமாகத் தெரிகிறது என்று விஷாகா திருப்பி அனுப்பினார். இரண்டாவது நீலத்தில் நம்பிக்கை போதவில்லை. மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாட்டர் வால் பக்கத்தில் வைத்தபோது வாட்டர் வால் மங்கலாகிவிட்டது. நான்காவது முறை, முதலில் அனுப்பிய அதே நீலத்தை நாகமணி மறுபடி போட்டு அனுப்ப, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நான்கு முறை சாயம், நான்கு முறை அலசல். 'உங்கள் பேஸ்லைன் ஆரோக்கியமாக வளர்கிறது' என்று கம்ப்யூட்டர் வாழ்த்து அனுப்பியது.

எண்பத்து மூன்றாம் நாள் போர்வெல் காற்று வாங்க ஆரம்பித்தது.

ஆறு வருடம் அலசல் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து நாகமணி காப்பாற்றி வைத்திருந்த போர் அது. அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. இன்னும் ஏழு நாள் பாக்கி இருக்கிறதே, நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். நிறுத்தினால் முதலிலிருந்து தொண்ணூறு நாள் எண்ண வேண்டும் என்று பசுபதி சொன்னார். அந்த ஏழு நாளும் நாகமணி லாரித் தண்ணீர் வாங்கி, மீட்டர் வழியாக ஓட்டி, சாக்கடையில் விட்டார். லைன் வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஜீவன் கடைசிச் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டார்.

தொண்ணூற்றோராம் நாள் நாகமணி குழாயை மூடினார். கிலோவுக்குத் தொண்ணூற்றைந்து லிட்டராக இருந்தது ஒரே நாளில் முப்பத்தெட்டானது. கவுன்சிலின் வரலாற்றிலேயே இப்படி ஒரு வீழ்ச்சியை யாரும் பார்த்ததில்லை. விஷாகா அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறையில் மாட்டிக்கொண்டார்.

விருது விழா லாபியிலேயே நடந்தது, ஒரு சனிக்கிழமை மத்தியானம். விருந்தினரோடு சேர்த்து இருநூறு பேர், எல்லோரும் நீலச் சட்டையில் வந்திருந்தார்கள். ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து மினி இட்லியும் சமோசாவும் வந்தன. வாட்டர் வாலை அன்று முழு வேகத்தில் திறந்துவிட்டிருந்ததால் பேசுகிறவர்கள் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. முதலில் விஷாகா பேசினார்.

"சிலர் எங்கிட்ட கேட்பாங்க, உங்க கவுன்சில் வந்து ஒரு லிட்டர் தண்ணியாவது மிச்சமாயிருக்கான்னு. நான் அவங்களுக்குச் சொல்றது, லிட்டர்ல கேட்காதீங்க, பர்சென்ட்ல கேளுங்க. இன்னிக்கு அஞ்சு துளி வாங்கப்போற இந்த யூனிட், போன வருஷம் நம்ம சிஸ்டத்துல வெறும் ஜீரோ. ஜீரோ! அவங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது யாரு? நாம. நாம மட்டும் இல்லன்னா அவங்க இன்னும் அதே முப்பத்தெட்டு லிட்டர்லயே தேங்கிப் போயிருப்பாங்க."

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. திரையில் நாகமணி தெரிந்தார். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். ஆபீஸ் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சாய்ராம் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மேடம், ஒரே நாள்ல அறுபது சதவீதம். உலகத்துல வேற யாரும் பண்ணாத சாதனை. அந்த ரகசியத்தை எங்களுக்குச் சொல்லணும்."

நாகமணி கேமராவை ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பசுபதிக்குப் பயமாக இருந்தது, சொல்லிவிட மாட்டாரா என்று ஆசையாகவும் இருந்தது.

"ரகசியமெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றார் நாகமணி. "தொறந்து உட்டிருந்த குழாய மூடுனோமுங்க."

லாபியே எழுந்து நின்று கை தட்டியது. எவ்வளவு எளிமை, எவ்வளவு அடக்கம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சாய்ராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்த வழிமுறையை 'ஓப்பன் க்ளோஸ் மெத்தட்' என்ற பெயரில் பதினொரு மொழிகளில் மொழிபெயர்த்து, கவுன்சிலில் இருக்கும் எல்லாப் பட்டறைகளுக்கும் அனுப்பப்போவதாக அங்கேயே அறிவித்தார். நாகமணி சொன்னது உண்மைதான், அதைப் பசுபதி கேட்டார். இருநூறு பேரும் கேட்டார்கள். எதுவும் மாறிவிடவில்லை.

எல்லோரும் மிச்ச இட்லியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, நாற்காலிகளை மடித்து வைக்க பசுபதி மட்டும் இருந்தார். போன் அடித்தது. நாகமணி.

"அந்தப் பரிசு தபால்லயே வந்துருமுங்களா?"

"வரும் நாகமணி. கண்ணாடில பண்ணியிருக்காங்க. துளி மாதிரி."

"செரி." என்றார் நாகமணி. "போர இன்னும் முந்நூறு அடி எறக்கிப் பாத்தமுங்க. ஒண்ணுமில்ல. லைன் வீட்டு அடிபம்புலயும் இப்பக் காத்துதான் வருதாம். முப்பத்தெட்டு லிட்டருக்கும் லாரிதானுங்க இனி."

பசுபதி இன்னொரு நாற்காலியை மடித்தார்.

"அடுத்த வருசமும் இப்படித்தானுங்களா?" என்று நாகமணி கேட்டார்.

"அடுத்த வருஷம் முப்பத்தெட்டுல இருந்து இன்னும் பத்து பர்சென்ட் குறைக்கணும். முடியலன்னா..."

"மறுபடி தொறந்து உடணும்."

"ஆமா."

"தொறந்து உடறதுக்குத் தண்ணி இல்லீங்களே, பசுபதி."

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விதியில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில் கேட்டார். பசுபதி மடித்த நாற்காலியைக் கையில் பிடித்தபடியே நின்றார். இரண்டு மாடி உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. விழா முடிந்தும் வேகத்தைக் குறைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அங்க என்னங்க சத்தம்?" என்றார் நாகமணி. "மழைங்களா?"

பசுபதி சுவரைப் பார்த்தார். நீலச் சட்டையில் தெறித்திருந்த ஈரத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "மழைதான்."

"பேயட்டுமுங்க," என்றார் நாகமணி. "அங்கயாச்சும் நல்லாப் பேயட்டும்."